எக்ஸோஸ்கெலிட்டன் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

உடலில் மாட்டிக்கொள்ளும் எக்ஸோஸ்கெலிட்டன் பழுதாகிவிட்டது என்று எடுத்து வருகிறவர்கள் முதலில் சந்தேகப்படுவது மோட்டாரை. மோட்டார் போவது அபூர்வம். தளர்ந்த பட்டை, அழுக்கேறிய பேட்டரி முனை, இடுப்பருகே மடங்கி மடங்கி உள்ளே அறுந்துபோன கேபிள், முந்தைய ஆளின் அளவிலேயே விட்டுவைத்த அமைப்பு: என் மேசைக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை இந்த நான்கில் அடங்கிவிடுகின்றன. அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவே இல்லாத காரணத்தில் தொடங்கி, கையைக் கடிக்கும் காரணத்தில் முடித்திருக்கிறேன். வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள். தாண்டிப் போகிறவர்கள்தான் நல்ல மோட்டாரை மாற்றிவிட்டு அதே கோளாறோடு திரும்பி வருகிறார்கள்.

இங்கே எக்ஸோ என்று சொல்வதில் மூன்று வகை உண்டு. இடுப்பிலோ முழங்காலிலோ மோட்டார் வைத்து நடக்க உதவுவது ஒன்று. பாரம் தூக்கும்போது முதுகுக்கு முட்டுக்கொடுப்பது இன்னொன்று; இதில் மோட்டார் உள்ளதும் உண்டு, வெறும் ஸ்பிரிங் உள்ளதும் உண்டு. மூன்றாவது, கையைத் தலைக்கு மேல் தூக்கி வேலை செய்கிறவர்களுக்கான தோள் தாங்கி. மோட்டார் இல்லாத வகைக்குக் கடைசியில் தனிப் பகுதி இருக்கிறது.

## கை வைப்பதற்கு முன்

சோதனை எதுவானாலும் கருவியை ஆளிடமிருந்து கழற்றிவிட்டுத்தான். மாட்டிக்கொண்டே செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. அவற்றுக்கு இரண்டாவது ஆள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். முதுகுத்தண்டில் காயம்பட்டவர்கள் வீட்டில் பயன்படுத்துவதற்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் ரீவாக் என்ற நடக்க உதவும் எக்ஸோவுக்கு அனுமதி கொடுத்தபோதே, பயிற்சி பெற்ற துணையாள் உடனிருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஒழுங்காக ஓடும் கருவிக்கே அந்த நிபந்தனை என்றால் சந்தேகத்தில் இருக்கும் கருவிக்குச் சொல்லவே வேண்டாம்.

திருகையோ கேபிளையோ தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றி எட்ட வையுங்கள். அணைத்து வைத்தால் போதாது. மூட்டு எதிர்பாராமல் மடங்கினால் நடுவில் இருக்கும் விரல் நசுங்கும். மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும்போது கால் பகுதி தரையில் படாமல் தொங்கும்படி ஸ்டாண்டில் மாட்டுங்கள்.

கையேட்டில் ஒரே ஒரு விஷயத்தை இன்றே பார்த்து வையுங்கள்: மின்சாரம் போனால் உங்கள் கருவியின் முழங்கால் மூட்டு பூட்டிக்கொள்ளுமா, தளர்ந்துவிடுமா? இரண்டு விதமும் சந்தையில் இருக்கின்றன. துணையாள் எங்கே நிற்க வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும் என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்கிறது.

திரையிலோ கைப்பேசிச் செயலியிலோ பிழை எண் வந்திருந்தால், அணைத்துப் போடுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில கருவிகளில் மறுபடி இயக்கியதும் அது அழிந்துவிடும்.

## அறிகுறி 1: பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை

விளக்கே எரியவில்லை என்றால்

முதலில் அவசர நிறுத்தப் பொத்தான். சிவப்புத் தலை உள்ளே அமுங்கியிருந்தால் திருப்பி விடுவியுங்கள். பைக்குள் வைத்து எடுத்துச் செல்லும்போது எதிலாவது இடித்துத் தானாக அமுங்கிவிடும். கேட்டால் யாரும் தொடவில்லை என்பார்கள். உண்மைதான், யாரும் தொடவில்லை.

அடுத்தது பேட்டரி முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்பது. ‘கிளிக்’ என்ற சத்தம் கேட்கும்வரை தள்ளுங்கள். உட்கார்ந்தும் பயனில்லை என்றால் வெளியே எடுத்து உலோக முனைகளைப் பாருங்கள். வியர்வை உப்பு படிந்து மங்கலான வெள்ளைப் பூச்சு தெரிந்தால், பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகு மாட்டுங்கள். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே துரு ஏறும்.

பல மாதம் மூலையில் கிடந்த பேட்டரி தன்னைத்தானே உறக்கத்தில் போட்டுக்கொள்ளும். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று, மின்னழுத்தம் மிகவும் இறங்கியதும் வெளியே போகும் வழியை அடைத்துவிடும். அதற்குரிய சார்ஜரிலேயே மாட்டி, கண் பார்வையில் அரைமணி நேரம் விடுங்கள். பெரும்பாலும் எழுந்துகொள்ளும். எழவில்லை என்றால் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை எடுக்க வேண்டியதுதான். 36 வோல்ட் என்று அச்சிட்ட பேட்டரியில் பொதுவாக வரிசையாகப் பத்து செல்கள் இருக்கும். முழுச் சார்ஜில் 42 வோல்ட், தீரும் நிலையில் 30 வோல்ட் சுற்றில் காட்டும். 25க்கும் கீழே காட்டினால் அதை உயிர்ப்பிக்க முயல வேண்டாம். வேறு சார்ஜரை நேரடியாகக் கொடுத்து ‘உசுப்பி’விடும் வித்தைகளை இணையத்தில் நிறையப் பார்க்கலாம். உடம்போடு கட்டிக்கொள்ளும் பேட்டரியில் அந்த விளையாட்டு கூடாது. பூஜ்ஜியம் காட்டினால், ஒன்று அது இன்னும் உறங்குகிறது, அல்லது உள்ளே ஃபியூஸ் போயிருக்கிறது. இரண்டுமே சேவை மையத்தின் வேலை.

விளக்கு எரிந்து உடனே அணைந்தால்

சும்மா இருக்கும்போது சரியான மின்னழுத்தம் காட்டி, மோட்டார் இழுத்ததும் சரிகிற பேட்டரி இது. இன்னொரு பேட்டரி கிடைத்தால் மாற்றிப் பாருங்கள். அதைவிடத் தெளிவான சோதனை இல்லை. மாற்றியும் அப்படியே என்றால் கோளாறு முனைகளிலோ முதன்மைக் கேபிளிலோ இருக்கிறது.

விளக்கு எரிகிறது, ஆனால் தயார் நிலைக்கு வரவில்லை என்றால்

இயங்கத் தொடங்கும்போது மூட்டுகள் ஒரு குறிப்பிட்ட கோண வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று பல கருவிகள் எதிர்பார்க்கும். மடித்துப் பெட்டியில் வைத்தபடியே இயக்கினால் மறுத்துவிடும். காலை நீட்டி வைத்து மறுபடி முயலுங்கள்.

இங்கே நிறுத்துங்கள்: பேட்டரி உப்பியிருந்தாலோ, இனிப்பான ரசாயன வாடை வந்தாலோ, சும்மா இருக்கும்போதே சூடாக இருந்தாலோ மேற்கொண்டு எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, எரியக்கூடிய பொருள்கள் இல்லாத திறந்த இடத்தில் வைத்துவிட்டுச் சேவை மையத்து ஆளை அழையுங்கள்.

## அறிகுறி 2: ஓடுகிறது, ஆனால் உதவியே தெரியவில்லை

கேட்கவே சங்கடமான கேள்விதான், ஆனாலும் கேட்டாக வேண்டும்: உதவி அளவு எத்தனையில் இருக்கிறது? ஒரே கருவியைப் பலர் பயன்படுத்தும் பயிற்சி மையங்களிலும் கிடங்குகளிலும், முந்தைய ஆள் தன் பெயரில் குறைத்து வைத்ததை அடுத்த ஆள் அப்படியே மாட்டிக்கொண்டு ‘இது செத்துவிட்டது’ என்பார். உங்கள் பெயர், உங்கள் எடை, உங்கள் கால் நீளம் ஆகியவைதான் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது பூஜ்ஜிய நிலை. கருவி தொடங்கும் சில நொடிகளில் நீங்கள் நிற்கும் நிலையைத்தான் நேர் நிலை என்று அது எடுத்துக்கொள்கிறது. அப்போது குனிந்து பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தால், அன்று முழுவதும் அதற்கு நீங்கள் நிமிரவே இல்லை. ஓடும் வாகனத்திலோ மேலேறும் மின்தூக்கியிலோ இயக்கினாலும் இதே கதி. அணைத்துவிட்டு, சமதரையில், இரண்டு காலிலும் எடையைச் சமமாக வைத்து, அசையாமல் நின்று மறுபடி தொடங்குங்கள். துணையாள் இல்லாமல் நிற்க முடியாதவர்களுக்குப் பூஜ்ஜிய நிலையை எப்படி எடுக்க வேண்டும் என்று கையேடு சொல்லியிருக்கும். அதை மீற வேண்டாம்.

அதன் பிறகும் உதவி வரவில்லையா? எந்தச் சமிக்ஞையைப் பார்த்துக் கருவி முடிவெடுக்கிறது என்பதைப் பொறுத்து இங்கே பாதை பிரிகிறது.

காலணி உட்தளத்தில் சென்சார் உள்ள வகை: உட்தளத்தை வெளியே எடுத்துப் பாருங்கள். குதிகால் பகுதியில் குறுக்காக ஒரு மடிப்புக் கோடு விழுந்திருந்தால் சென்சாரின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. செயலியில் நேரடி அளவு தெரியுமானால், கட்டைவிரலால் குதிகால் பகுதியையும் முன்பாதப் பகுதியையும் மாறி மாறி அழுத்துங்கள். அழுத்தியதும் ஏறி, விட்டதும் பூஜ்ஜியத்துக்கு இறங்க வேண்டும். இறங்காமல் பாதியில் நின்றால், நீங்கள் காலைத் தூக்கிய பிறகும் கால் தரையில் இருப்பதாகவே கருவி நம்பிக்கொண்டிருக்கிறது. உட்தளம் மாற்றுவது சின்னச் செலவு.

தோலில் ஒட்டும் மின்முனைகள் வழியாகத் தசையின் சமிக்ஞையைப் படிக்கும் வகை: புதிய மின்முனை ஒட்டுவதற்கு முன் தோலை ஆல்கஹால் துணியால் துடைத்து உலரவிட வேண்டும். எண்ணெயோ களிம்போ பூசிய தோலில் எவ்வளவு அழுத்தி ஒட்டினாலும் சமிக்ஞை வராது. ஜோடி மின்முனைகளின் நடுவிடங்களுக்கு இடையே சுமார் 2 செ.மீ. இடைவெளி, தசை நார் ஓடும் திசையில், தசையின் புடைத்த நடுப்பகுதியில். வியர்வையில் ஜெல் பரவி இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் சமிக்ஞை வெகுவாகக் குறைந்துவிடும். ஒருமுறை உரித்ததை மறுபடி ஒட்டாதீர்கள்.

மூட்டின் கோணத்தையும் உடலின் சாய்வையும் மட்டும் பார்க்கும் வகை: பூஜ்ஜிய நிலை சரியாக இருந்தும் உதவி இல்லை என்றால் கேபிளைப் பாருங்கள்; சோதனை நான்காம் அறிகுறியில் இருக்கிறது. கேபிளும் நன்றாக இருந்தால் மூட்டுக்குள் இருக்கும் சென்சார். அதைத் திறப்பது உங்கள் வேலை இல்லை.

## அறிகுறி 3: உதவி தவறான நேரத்தில் வருகிறது

‘தள்ளுகிறது’, ‘பிடித்து இழுக்கிறது’, ‘என்னோடு சண்டை போடுகிறது’ என்று ஆளுக்கு ஆள் வேறு விதமாகச் சொல்வார்கள். இயல்பான வேகத்தில் ஒரு காலின் முழுச் சுற்று ஏறத்தாழ ஒரு நொடி. அதில் பத்தில் ஒரு பங்கு பிந்தினாலே உதவி இடைஞ்சலாக மாறிவிடும். மோட்டாரை அவசரப்பட்டுக் குறை சொல்லும் இடமும் இதுதான். எப்போது, எந்தக் காலில் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

காலையில் சரியாக இருந்து, போகப்போக மோசமானால்

பட்டை நழுவுகிறது. தொடைப் பிடியின் கீழ் விளிம்பை ஒட்டிக் கால்சட்டையில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். துணையாளோடு கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு வந்து பாருங்கள். பிடி கோட்டைவிட்டு 2 செ.மீ. இறங்கியிருந்தால், மோட்டார் கொடுக்கும் விசையின் முதல் பகுதி துணியை இழுக்கவும் சதையை அமுக்கவுமே செலவாகிறது. காலுக்கு மிச்சம்தான், அதுவும் தாமதமாக.

உடனே பட்டையை இறுக்கிக் கட்டத் தோன்றும். அதற்கு முன் வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தலைமுடி, துணிப் பஞ்சு, காலுறையின் நூல் எல்லாம் திரண்டு கொக்கிகளின் மேல் ஒரு சாம்பல் நிறப் போர்வை போர்த்தியிருக்கும். அழுத்தினால் ஒட்டியது போலத் தோன்றும், இழுத்தால் சத்தமே இல்லாமல் வந்துவிடும். நல்ல வெல்க்ரோ கிழிபடும் சத்தத்தோடு வர வேண்டும். பழைய பல்துலக்கியாலும் குண்டூசியாலும் வரிசை வரிசையாகச் சுத்தம் செய்யுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா வேலைகளிலும் அதிகப் பலன் கொடுப்பது இதுவே.

தொடக்கத்திலிருந்தே இரண்டு காலிலும் தவறினால்

கருவியின் மூட்டு அச்சு உடலின் மூட்டு அச்சோடு பொருந்தவில்லை. இடுப்பு மோட்டாரின் நடு, தொடை எலும்பின் மேல்முனை பக்கவாட்டில் புடைத்திருக்கும் மேட்டுக்கு நேராக வர வேண்டும். விரலை அந்த இடத்தில் வைத்துக் காலைச் சுழற்றினால் தோலுக்கு அடியில் அந்த மேடு உருள்வது தெரியும். முழங்காலில், பலர் செய்வது போல முட்டிச் சில்லின் நடுவுக்கு நேராக வைக்கக் கூடாது. மூட்டின் இடைவெளிக்கு ஏறத்தாழ 2 செ.மீ. மேலே, பக்கவாட்டில் பார்க்கும்போது நடுவுக்குச் சற்றுப் பின்னே. அச்சைக் குறிக்கும்போது ஆள் நிற்க வேண்டும், அல்லது மருத்துவர் சொன்ன நிலையில் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து அளந்துவிட்டு எழுந்தால் இடுப்புப் பட்டை மேலேறி எல்லாம் மாறிவிடும்.

ஒரே காலில் மட்டும் தவறினால்

இடம் வலமாக மாற்றிப் பார்ப்பதுதான் இங்கே குறுக்குவழி. பட்டைகளையும் உட்தளத்தையும் மாற்றக்கூடிய கருவியானால் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. கோளாறு பொருளோடு சேர்ந்து அடுத்த காலுக்குப் போனால் அந்தப் பொருள்தான். போகவில்லை என்றால் மூட்டு, அல்லது அந்தக் காலே. ஆம், காலையும் கணக்கில் எடுக்க வேண்டும். தசை இறுக்கம் ஒரு பக்கம் கூடியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் இயன்முறை மருத்துவர், தொழில்நுட்ப ஆள் இல்லை.

இடுப்பில் மோட்டாரும் கணுக்காலில் கம்பி இழுவையும் உள்ள மென்துணி வகையில், உறைக்குள் ஓடும் கம்பியைச் சந்தேகியுங்கள். உறை கூர்மையாக வளைந்திருந்தால் உராய்வு கூடி இழுப்பு தாமதமாகும், வளைவைத் தாராளமாக்குங்கள். கம்பி நீண்டிருந்தால் இழுவிசையைச் சரிசெய்யும் திருகில் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கலாம். கம்பி பொருத்தப்பட்ட முனையருகே ஒரே ஓர் இழை பிரிந்து முள்போல நீட்டிக்கொண்டிருந்தாலும் கம்பியையே மாற்றிவிடுங்கள். மற்ற இழைகள் வரிசையில் நிற்கின்றன.

படியிலும் சரிவிலும் மட்டும் தவறினால்

சமதரை நடைக்கான முறையிலேயே ஏறுகிறீர்கள். படிக்கான முறை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். உங்கள் கருவியில் அப்படி ஒன்று இல்லை என்றால், அது பழுதில்லை. அந்தக் கருவி படிக்கானதில்லை.

இங்கே நிறுத்துங்கள்: கேட்காமலேயே மூட்டு அசைந்தாலோ, எதிர்த் திசையில் விசை கொடுத்தாலோ, நின்ற இடத்தில் அதிர்ந்தாலோ கருவியை அணைத்து ஓரம் கட்டுங்கள். ‘இன்னொரு தடவை பார்ப்போம்’ என்று மாட்டிக்கொள்ள வேண்டாம்.

## அறிகுறி 4: நடந்துகொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது

ஆபத்தான அறிகுறி இது. காரணம் தெரியும்வரை யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

எப்போதோ ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட அசைவில் நின்றால் கேபிள். எப்போதும் ஒரே அளவு நேரம் ஓடிய பிறகு நின்றால் சூடு. எழும்போதோ பாரம் தூக்கும்போதோ நின்றால் பேட்டரி. இந்த மூன்றில் எதுவென்று ஏறத்தாழ ஊகித்துவிட்டு இறங்கினால் நேரம் மிச்சம்.

கேபிள்: கருவியை ஸ்டாண்டில் தொங்கவிட்டு, உதவி அளவைக் குறைந்தபட்சத்தில் வைத்து இயக்குங்கள். மூட்டுக்குப் பக்கத்தில் கை போகாமல், கேபிளை ஒவ்வோர் அங்குலமாக மெல்ல வளைத்துக்கொண்டே விளக்கைக் கவனியுங்கள். இடுப்பில் கேபிள் உறையைவிட்டு வெளியே வரும் இடத்தில் தொடங்குங்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை மடங்கும் இடம் அது. வெளித்தோல் புதிதுபோல இருக்கும், உள்ளே செம்பு நூல் அறுந்திருக்கும். விளக்கு சிமிட்டினால் இடம் கிடைத்துவிட்டது. டேப் சுற்றி ஓட்டாதீர்கள், கேபிளை மாற்றுங்கள்.

கேபிள் நன்றாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடியுங்கள். எல்லா ஊசிகளும் ஒரே மட்டத்தில் மின்னும். ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் உள்வாங்கி, தன் நிழலில் தானே மறைந்து நிற்கும். மாட்டும்போது அது எதிர்ப்பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். நிற்கும்போது தொடும், குனிந்தால் விலகும். நேராகப் பார்த்தால் கண்ணில் படாது. அதை இடுக்கியால் பிடித்து இழுத்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். பின்னால் பிடித்திருக்கும் பூட்டு உடைந்திருக்கிறது என்று அர்த்தம். கனெக்டரையே மாற்ற வேண்டும்.

சூடு: மோட்டாரின் மேல் மூடியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு சுட்டால், மேலே தடித்த துணியோ பையோ மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடவில்லை என்றால் உதவி அளவைக் குறைத்து, இடைவேளை விட்டுப் பயன்படுத்திப் பாருங்கள். குளிர்ந்த மோட்டாரும் ‘சூடு’ என்ற பிழை எண் காட்டினால் வெப்பச் சென்சார் போயிருக்கிறது.

பேட்டரி, எடை: பேட்டரிக்கான சோதனை முதல் அறிகுறியில் இருக்கிறது. அதோடு, கருவிக்கென்று ஓர் எடை வரம்பு உண்டு. முதுகுப்பை, இடுப்பில் தொங்கும் கருவிகள், தூக்கும் பாரம் ஆகியவற்றை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டிப் பாருங்கள்.

இந்த மூன்றும் இல்லை என்றால் கட்டுப்பாட்டுப் பலகையிலோ மோட்டாரை ஓட்டும் மின்சுற்றிலோ கோளாறு. சேவை மையம்தான்.

## அறிகுறி 5: சத்தம்

சத்தத்தின் தாளத்தைக் கேளுங்கள், ஒலியின் அளவை அல்ல.

ஓர் அடிக்கு ஒரு ‘டக்’: எங்கேயோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. நீளம் மாற்றும் கம்பிகளின் பூட்டுத் திருகுகளில் தொடங்குங்கள். அதே திருகு மறுபடி மறுபடி தளர்ந்தால், கழற்றித் துடைத்து, திருகுகளைத் தளராமல் பிடிக்கும் நீல நிறப் பசையை ஒரு சொட்டு விட்டுப் போடுங்கள். சிவப்பு நிறப் பசை வேண்டாம். பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது.

சீரான ‘ங்ங்’ என்ற மெல்லிய ஒலி: மோட்டாரின் இயல்பான ஓசை. புதிதாகக் கூடியிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

மூட்டு ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டும்போதெல்லாம் ‘கர்ர்’: பேரிங்கிலோ கியரிலோ மணல் புகுந்திருக்கிறது, அல்லது பல் தேய்ந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, மூட்டைக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். சொரசொரப்பு கையில் தெரிந்தால் ஆளை அழைக்க வேண்டியதுதான்.

கீழே விழுந்த பிறகோ பெரிய சுமையில் ‘தடக்’ என்று ஒருமுறை சத்தம் கேட்ட பிறகோ புதிதாக அதிர்வு தொடங்கியிருந்தால், அலைக்கியரில் (மெல்லிய பல்வளையம் நெளிந்து சுழலும் கியர்) பற்கள் தாவிச் சரியான இடத்தில் அமராமல் இருக்கலாம். அப்படியே ஓட்டினால் கியர் சீக்கிரம் போய்விடும். அன்றோடு நிறுத்துங்கள்.

ஒரு வேண்டுகோள்: எந்தச் சத்தத்துக்கும் எண்ணெய் ஸ்பிரே அடிக்காதீர்கள். கியருக்கென்று போட்ட கிரீஸை அது கரைத்து வெளியே ஓடவைக்கும். சத்தம் ஒரு வாரம் அடங்கும். அந்த வாரத்தில் கியர் தேயும்.

## அறிகுறி 6: வலி, சிவப்பு, மரத்துப்போதல்

கருவியில் பழுது இல்லாமலேயே வரும் புகார் இது. அதனாலேயே தட்டிக்கழிக்கப்படுகிறது. என் கணக்கில் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அவசரமானது.

கழற்றிய உடனே பட்டை பட்ட இடங்களைப் பாருங்கள். லேசான தடம் இருப்பது இயல்பு. அரைமணி நேரம் கழித்தும் மறையாத சிவப்பு இயல்பில்லை. கருமையான தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா நிறமாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தோல் பழைய நிலைக்கு வரும்வரை அந்த இடத்தில் பட்டை படக்கூடாது. தொடு உணர்ச்சி இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனையை ஒவ்வொரு முறையும் வேறொருவர் செய்ய வேண்டும், அவருக்கே வலிக்காது என்பதால்.

காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். உள்ளே அணிந்த துணியின் மடிப்பு, தையல், பையில் கிடக்கும் சாவி. பிறகு தட்டையாகிவிட்ட பஞ்சு மெத்தை. விரலால் அழுத்தி அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டுப்பட்டால் மாற்றுங்கள். பிறகு அதிகமாக இறுக்கிய பட்டை. நழுவுகிறதே என்று இறுக்கி, இறுக்கியதால் புண்ணாகி, புண்ணால் தளர்த்தி, தளர்த்தியதால் மறுபடி நழுவும் இந்தச் சுழற்சிக்குப் பெரும்பாலும் மூலகாரணம் மூன்றாம் அறிகுறியில் சொன்ன அச்சுப் பொருத்தமின்மைதான். அச்சு பொருந்தினால் மிதமான இறுக்கமே போதும். கடைசியாக, அளவே தவறு என்றால் வேறு அளவுள்ள பிடிதான் வழி.

தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவதாகச் சொன்னால், இடுப்பு எலும்பின் முன்முனையருகே பட்டை நரம்பை அழுத்துகிறதா என்று பாருங்கள். பட்டையைச் சற்று மேலேற்றினால் விலகும். விலகவில்லை என்றால் மருத்துவர்.

கருவியை மறந்துவிட்டு உடனே மருத்துவ உதவி தேட வேண்டியவை: முதுகுத்தண்டின் மார்புப் பகுதியில் ஆறாம் எலும்பிலோ அதற்கு மேலோ காயம்பட்டவருக்குத் திடீரென்று கடுமையான தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேற்பட்ட பகுதியில் வியர்வை வந்தால், இறுகிய பட்டை ஒன்றே இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிட்டிருக்கலாம். நிமிர்த்தி உட்கார வையுங்கள், எல்லாப் பட்டைகளையும் தளர்த்துங்கள், மாட்டியிருக்கும் சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், அவசர ஊர்தியை அழையுங்கள். அடுத்தது, பயிற்சிக்குப் பிறகு ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும். நீண்ட காலம் நடக்காதவர்களின் எலும்பு பலம் குறைந்திருக்கும். முறிந்தாலும் வலி தெரியாது. இரத்தக் கட்டியும் இதே போலத்தான் காட்டும். ‘பட்டை இறுக்கமாக இருந்திருக்கும்’ என்று ஆறப்போட வேண்டாம்.

## அறிகுறி 7: பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது

குளிரில் வைத்திருந்ததா? அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பாருங்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போடவே கூடாது. உள்ளே ஏற்படும் சேதம் திரும்பாது. உதவி அளவைக் கூட்டினீர்களா? அதுவே காரணமாக இருக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு பக்க மூட்டுகளையும் கையால் மடக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் கனமாக நகர்ந்தால் அந்த மூட்டின் பிரேக் முழுதாக விடவில்லை, அல்லது பேரிங் இறுகுகிறது. மின்சாரம் அங்கேதான் வீணாகிறது.

இவை எதுவுமில்லை என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. சில வாரங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். முழுச் சார்ஜில் வெயிலடிக்கும் இடத்தில் வைப்பதுதான் அதை வேகமாகக் கிழடாக்குகிறது.

## அறிகுறி 8: செயலியோடு இணைய மறுக்கிறது

வேறு கைப்பேசி ஏற்கெனவே இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்; பாதிச் சிக்கல் அங்கேயே முடியும். பிறகு ப்ளூடூத் பட்டியலிலிருந்து கருவியை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். ஒரு மூட்டை அண்மையில் மாற்றியிருந்தால், புதிய மூட்டின் மென்பொருள் பதிப்பு மற்றதோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும், கருவியை யாரும் மாட்டியிருக்க வேண்டாம்.

## மோட்டார் இல்லாத முதுகு, தோள் தாங்கிகள்

தாங்கல் குறைந்துவிட்டது: விசை அளவைத் தேர்ந்தெடுக்கும் குமிழ் ஒரு படி இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு மீள்பட்டைகளை நீட்டி விளிம்புகளில் வெடிப்பு தேடுங்கள். எண்ணெய்க் கையும் வெயிலும் பட்ட ரப்பர் வெடிக்கும். ஒரு பக்கம் வெடித்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் முதுகை ஒரு பக்கம் அதிகமாக இழுக்கும். வாயு ஸ்பிரிங் உள்ள வகையில் தண்டைச் சுற்றி எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. உள்ளே நைட்ரஜன் மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது. துளைக்கவோ பிரிக்கவோ கூடாது.

நடக்கும்போதும் தடுக்கிறது: நடைக்கும் குனிதலுக்கும் இடையே மாற்றும் பூட்டு மாட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் தூசிதான். காற்றால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள், எண்ணெய் விடாதீர்கள்.

மாட்டும்போது கை தூக்கி அடிக்கிறது: பழுதில்லை. விசையோடு இருக்கும் ஸ்பிரிங்கைப் பூட்டாமல் மாட்டுகிறீர்கள். பூட்டிய பிறகு மாட்டி, மாட்டிய பிறகு விடுவியுங்கள்.

## ஆளை அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை

‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் பேட்டரியில் தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி கேட்பார். வரிசை எண், மென்பொருள் பதிப்பு, பிழை எண்ணின் படம், கடைசியாக என்ன மாற்றினீர்கள், மேலே சொன்னவற்றில் எவற்றைச் சோதித்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். முடிந்தால், பாதுகாப்பான நிலையில், பக்கவாட்டிலிருந்து முழங்கால் உயரத்தில் கைப்பேசியைப் பிடித்து எடுத்த ஒரு சின்னக் காணொளி அனுப்புங்கள். முன்னாலிருந்து எடுத்ததில் எதுவும் தெரியாது. வலியோ தோல் தடமோ இருந்தால் அதன் படமும் நேரமும்.

கருவியை அனுப்பச் சொன்னால், பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு அதை எப்படி அனுப்புவது என்று கேளுங்கள். உப்பிய பேட்டரியைக் கூரியரில் போடவே கூடாது. பட்டைகளையும் உட்தளத்தையும் கழற்றி வைத்துக்கொள்ளாதீர்கள். அழுக்காக இருந்தாலும் அப்படியே அனுப்புங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்க அவைதான் முதலில் தேவைப்படும்.